சேற்றைப் பார்க்காத ஜீப்

"ஐயோ...! போச்சு... எல்லாம் போச்சு...!"

விஜயதசமி காலை. கொல்கத்தா சால்ட் லேக்கின் அந்த அமைதியான தெருவில் ரோஹிணி போட்ட அலறலில் மரத்துக் காக்கைகள் பறந்தன!

எதிர்வீட்டு முகர்ஜி, வாயில் பல் பிரஷ்ஷோடு பால்கனிக்கு ஓடி வந்தார்.

கொலையா...? கொள்ளையா...?

இரண்டும் இல்லை.

"ஃப்ரிட்ஜுல வச்சிருந்த கந்தராஜைக் காணோம்! ஒண்ணு விடாம எடுத்துண்டு போயிட்டா!"

முகர்ஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கந்தராஜ் தெரியும். அது இந்த ஊரின் வாசனைப் பழம். சர்பத்தில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், அடுத்த வீட்டுக்காரருக்கும் தாகம் எடுத்துவிடும். அது தொலைந்தது வங்காளிக்குக் கொலையைவிடப் பெரிய சேதி. முகர்ஜி முகம் வாடி உள்ளே போனார்.

"பாத்திரம் தேய்க்கற மினோதி மாஷி வேலைதான் இது! வரட்டும், பேசிக்கறேன்!"

"ஒரு பழத்துக்கா இவ்வளவு கத்தல்?" சோபாவிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான் ராகவேந்திரன்.

ரோஹிணியின் கணவன். செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் கம்பெனியின் மேனேஜர். அது பிழைப்புக்கு. இன்ஸ்டாகிராமில் அவன் பெயர் 'மலைப்புலி ராகவ்'! பனிமலையில் அவன் ஜீப், காட்டாற்றில் அவன் ஜீப், பாறை உச்சியில் அவன் ஜீப். இரண்டு லட்சம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஜீப் ஏறிய மிக உயரமான மேடு எதுவென்று கேட்டால்... அவன் ஆபீஸ் வாசல் ஸ்பீட் பிரேக்கர்!

காலிங் பெல் அலறியது.

மாஷிதான் என்று வரிந்து கட்டிக்கொண்டு கதவைத் திறந்த ரோஹிணி, பின்வாங்கினாள்.

வாசலில் காக்கிச் சட்டை!

"பண்டிகை நேரத்துல தொந்தரவு பண்றேன் பௌதி. இன்ஸ்பெக்டர் சௌந்தரராஜன். பயப்படாதீங்க, நானும் நம்ம ஆள்தான். பிறந்து வளர்ந்தது இங்கே பவானிபூர். அதான் அண்ணிக்குப் பதிலா பௌதின்னு வாய்ல வருது."

"பழம் காணாமப் போனது உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"எந்தப் பழம்?" இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் குழம்பினார். "நான் சாய்ராமைப் பத்திக் கேக்க வந்தேன்."

ராகவேந்திரன் எழுந்து வந்தான். "சாய்ராமா? என் டீம்ல இருக்கான் சார். என் போட்டோ எல்லாம் அவன்தான் எடுப்பான். என்ன விஷயம்?"

"இனிமே எடுக்க மாட்டார். நேத்து சாயங்காலம் அவர் மேல யாரோ வண்டியை ஏத்திட்டாங்க."

"என்னது...?!"

"ராஜர்ஹாட்ல ஒரு காலி மனை. காலைல காஷ் பூவோட, அதான் நாணல் பூவோட, செல்ஃபி எடுக்கப் போன ஒரு ஜோடி பார்த்திருக்கு. பூவுக்கு நடுவுல பாடி!"

ரோஹிணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே கண் இருட்டியது. வருஷா வருஷம் விஜயதசமிக்கு முதல் ஆளாக வந்து நிற்பவன் சாய்ராம். கல்யாணமாகாத பையன். இந்த ஊரில் உறவென்று போக அவனுக்கு வேறு வீடு கிடையாது.

"அவனுக்குன்னு டப்பால சுண்டல் எடுத்து வச்சிருக்கேனே..." குரல் உடைந்தது.

"விபத்தா சார்?" என்றான் ராகவேந்திரன்.

"ஒருதடவை ஏத்தினா விபத்து. ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஏத்தினா அதுக்கு வேற பேரு." இன்ஸ்பெக்டர் செல்போனை நீட்டினார். "சேத்துல டயர் அச்சு அழகா விழுந்திருக்கு. இது என்ன டயர்னு சொல்லுங்களேன். மலைப்புலியாச்சே, உங்களுக்குத் தெரியாததா?"

ராகவேந்திரன் படத்தைப் பார்த்தான். இரண்டு விரலால் பெரிதாக்கினான்.

"மட் டெரெய்ன். சேத்து டயர். பெரிய பெரிய கட்டை இருக்கும்."

"உங்க ஜீப்ல என்ன டயர்?"

ராகவேந்திரன் செல்போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"மகாளயத்தன்னைக்கு மாத்தினது சார்!" ரோஹிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டாள். பத்து நாளாக அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த விஷயம் அது. "பழைய டயர் தேஞ்சு போச்சுன்னு கடை கடையா ஏறி இறங்கினார். கடைக்காரரே சொன்னார். அண்ணா, நீங்க ஆபீஸ் போயிட்டு வர வண்டி, ஹைவே டயர் போடுங்கோ. மழையில பிரேக் நன்னா பிடிக்கும், சத்தம் வராது, பெட்ரோலும் மிச்சம்னு."

"நியாயம்தானே?"

"மனசு கேக்கலைன்னா ஆல் டெரெய்ன் போட்டுக்கோங்கோ, ரோட்டுக்கும் ஆச்சு, எப்பவாவது மண்ணுல இறங்கினா அதுக்கும் ஆச்சுன்னார். கேட்டாரா? அடம்பிடிச்சு இந்தச் சேத்து டயரைப் போட்டுண்டு வந்தார். லேக் மார்க்கெட்டுக்குக் கறிகாய் வாங்கப் போனா ஹெலிகாப்டர் வரதுன்னு ஜனங்க மேல பாக்கறா சார்!"

"அது லுக்கு! உனக்குப் புரியாது!" ராகவேந்திரன் சீறினான். "சைடுவால் எவ்வளவு ஸ்ட்ராங் தெரியுமா? பாறையில ஏறினாலும் கிழியாது. நான் பதினாலு டயர் பார்த்தேன். ஒவ்வொண்ணோட டிரெட்டும், அந்த மேடு பள்ளம் எல்லாம், கண்ணை மூடிண்டு தடவிச் சொல்லுவேன்!"

"செக்டர் ஃபைவ்ல பாறை எங்க சார் இருக்கு?" இன்ஸ்பெக்டர் அப்பாவியாகக் கேட்டார்.

ராகவேந்திரன் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"போகட்டும். சாய்ராம் லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். உங்க இமயமலை போட்டோ எல்லாம் இருந்துச்சு. மலையை ஒட்டறதுக்கு முன்னாடி எடுத்தது! சந்தக்ஃபூ உச்சியில நிக்கற ஜீப்புக்குப் பின்னாடி துணி காயுது."

"அது என்னோட நைட்டி," என்றாள் ரோஹிணி. "அவர் சந்தக்ஃபூல இருந்த அன்னிக்கு ஆத்துல ஜுரத்தோட படுத்துண்டிருந்தார். நான்தான் கஞ்சி வச்சுக் கொடுத்தேன்."

"ரோஹிணி...!"

இன்ஸ்பெக்டரின் குரல் இப்போது இறுகியது.

"ஒரு டயர் கம்பெனி உங்களை விளம்பரத்துக்கு எடுத்திருக்கு. ஊர் முழுக்கப் போஸ்டர் வரப்போகுது. சாய்ராம் உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கார். இனிமே இந்தப் பொய்க்கு நான் துணை வர மாட்டேன், கம்பெனிகிட்ட உண்மையைச் சொல்லிடுவேன்னு. அடுத்த நாள் அவர் மேல சேத்து டயர் ஏறியிருக்கு. இந்த சைஸ்ல, இந்த மாடல்ல, இந்தப் பண்டிகை சீசன்ல கொல்கத்தாவுல வித்தது ஒரே ஒரு செட்!"

ரோஹிணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு அடி தள்ளி நின்றாள்.

ஆனால்...

ராகவேந்திரன் சிரித்தான்!

"சார், நீங்களும் தமிழ்தானே? நேத்து என்ன நாள்?"

"நவமி."

"நமக்கு?"

"ஆயுத பூஜை."

"வாங்கோ என்னோட!"

கீழே கராஜில் நின்றது ஜீப். கண்ணாடியில் சந்தனம். பானெட்டில் பூமாலை. ராகவேந்திரன் குனிந்து சக்கரத்தைக் காட்டினான். இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்தார்.

டயருக்கு அடியில் இடுக்கில்... மஞ்சளும் குங்குமமும் அப்பிய எலுமிச்சம்பழம்! நசுங்காமல் முழுசாக இருந்தது.

ஒரு சுற்று சுற்றி வந்தார். நாலு சக்கரத்திலும் அதே கதை.

"யார் வச்சது?"

"நான்தான் சார்," என்றாள் ரோஹிணி. "நேத்து காலம்பற பூஜை பண்ணி, என் கையால வச்சேன். இந்த ஊர் முழுக்க நவமி அன்னிக்கு ஆட்டம் பாட்டம்னு தெருவுல இருக்கும். எங்காத்துல வண்டி நகராது. பூஜையில வச்சதை தசமி வரைக்கும் தொடப்படாது. இன்னிக்கு நல்ல நேரம் பார்த்து பழத்து மேல ஏத்தித்தான் வெளியில எடுக்கணும்."

"எங்க அம்மாவும் அப்படித்தான் பௌதி. நவமி அன்னைக்குப் பாடப் புத்தகத்தைத் தொட விட மாட்டாங்க. எனக்குப் பிடிச்ச ஒரே பண்டிகை அதுதான்."

"சாயங்காலம் நான் துர்கா பூஜைப் பந்தலுக்குப் போனேன். எல்லாருமே அங்கதான் இருந்தா, வாட்ச்மேன் உள்பட. இவர் தலைவலின்னு ஆத்துலயே படுத்துண்டார்."

"தெருக் கேமராவைப் பார்க்கலாம்னா, பூஜை கமிட்டிக்காரங்க அதை மறைச்சு சீரியல் பல்பைத் தோரணம் கட்டியிருக்காங்க," இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"கேமரா எதுக்கு சார்?" ராகவேந்திரன் நெஞ்சை நிமிர்த்தினான். "வண்டி ஒரு அடி நகர்ந்திருந்தா பழம் நசுங்கியிருக்கணும். நசுங்கினதா? இதைவிட என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பாவம், காலையில் டீகூடக் குடித்திருக்கவில்லை.

"சரிதான்... அப்போ வெளியூர் வண்டியா இருக்கும். மன்னிச்சுக்கோங்க சார்."

ரோஹிணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குருவாயூரப்பனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

"ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி," என்றார் இன்ஸ்பெக்டர். "டயர் அச்சு ஒண்ணு எடுத்துக்கறேன். ஃபைல்ல வைக்கணும். இல்லைன்னா மேலதிகாரி என் மேல டயரை ஏத்துவார். மண்டல், பேப்பரை விரி!"

கான்ஸ்டபிள் மண்டல், கராஜ் வாசலில் நீளமான வெள்ளைக் காகிதத்தை விரித்தார்.

"எடுத்துக்கோங்கோ சார், தாராளமா!" ராகவேந்திரன் துள்ளி ஏறி உட்கார்ந்தான்.

"இருங்கோன்னா, நல்ல நேரம்தான். கற்பூரம் ஏத்திட்டு வரேன்!"

ரோஹிணி கற்பூரம் காட்டினாள். தேங்காயைச் சுற்றி உடைத்தாள். "பிள்ளையாரப்பா... இவருக்கு ஒரு கெடுதலும் வராமப் பார்த்துக்கோ."

பிள்ளையார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இன்ஜின் உறுமியது. ஜீப் முன்னால் நகர்ந்தது.

பொளக்...! பொளக்...! பொளக்...! பொளக்...!

அடுத்த விநாடி...

குப்பென்று ஒரு வாசனை! கராஜை நிறைத்து, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கியது.

எதிர் பால்கனியில் முகர்ஜி கண்ணை மூடி, மூக்கை நீட்டி, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஆஹா...! கந்தராஜ்!"

ரோஹிணி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள்.

மெதுவாகக் குனிந்து, நசுங்கிக் கிடந்த ஒரு பழத்தை எடுத்தாள். புடவைத் தலைப்பால் மஞ்சளையும் குங்குமத்தையும் துடைத்தாள். உள்ளே பச்சைப் பசேலென்று நீளமாக, தடித்த தோலோடு...

"இது... இது நான் வச்ச பழம் இல்லையே!"

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார்.

"என்ன சொன்னீங்க பௌதி?"

"நான் வச்சது லேக் மார்க்கெட்ல வாங்கின சாதா எலுமிச்சம்பழம் சார். உருண்டையா, சின்னதா, மஞ்சளா இருக்கும். இது கந்தராஜ் எலுமிச்சை. யாராவது இதைக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு வைப்பாளா? ஃப்ரிட்ஜுல வச்சிருந்த..."

கையிலிருந்த பழத்தைக் கணவன் பக்கம் நீட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஜீப்பிலிருந்து இறங்கிய ராகவேந்திரனின் முகத்தில் ஈயாடவில்லை. என்ன தப்பு நடந்தது என்றே அவனுக்கு விளங்கவில்லை.

"எலுமிச்சம்பழம்னா எலுமிச்சம்பழம்தானே...? அதுல என்ன வித்தியாசம்?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லேட்!

இன்ஸ்பெக்டர் கைவிலங்கை நிதானமாக எடுத்தார்.

"பௌதி வச்ச பழம், நேத்து சாயங்காலம் நீங்க வண்டியை எடுத்தப்பவே நசுங்கிடுச்சு. புது டயருக்கு நிஜச் சேத்துல போட்டோ எடுக்கலாம்னு சாய்ராமை வரச் சொல்லியிருப்பீங்க. முடிச்சுட்டு வந்து டயரைக் கழுவினீங்க, நசுங்கின பழத்தைப் பெருக்கினீங்க. புதுப் பழத்துக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தீங்க. பதினாலு டயரைக் கண்ணை மூடிண்டு தடவிச் சொல்றவர், ரெண்டு எலுமிச்சையைக் கண்ணைத் திறந்து பார்க்கலையே சார்!"

"எங்க பார்ப்பார்? சமையல் உள்ளுக்கு என்னிக்கு வந்திருக்கார்?" ரோஹிணியின் கண்ணில் நீர் கொட்டியது. குரலில் நெருப்பு. "அந்தப் பிள்ளை என் கையால சாப்பிட்ட பிள்ளை! ஒரு போஸ்டருக்காகவா அவனைக் கொன்னேள்?"

ராகவேந்திரன் தலை கவிழ்ந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்கு வருத்தம்," என்றார் இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டியபடி. "இத்தனை வருஷத்துல நீங்க நிஜமாவே ரோட்டை விட்டுச் சேத்துல இறங்கினது நேத்து ஒரு நாள்தான். அதைப் போய் இல்லைன்னு மறைக்கறீங்களே! இந்தக் கண்றாவி டயரை மட்டும் போடாம இருந்திருந்தா, அச்சை வச்சு ஊர்ல லட்சம் வண்டியைத் தேடியிருப்போம். மெசேஜை மட்டும் வச்சு உங்களை மடக்கியிருக்கவே மாட்டோம்."

போலீஸ் ஜீப்பின் பின் சீட்டில் ராகவேந்திரன் திணிக்கப்பட்டான்.

ரோஹிணி வாசல்வரை வந்தாள். குனிந்து போலீஸ் ஜீப்பின் டயரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜன்னலருகே நிமிர்ந்தாள்.

"நன்னாப் பார்த்துக்கோங்கோ. இவா போட்டிருக்கறது ஹைவே டயர். சத்தமே வராது... ஜெயில் வரைக்கும் நிம்மதியாத் தூங்கிண்டு போகலாம்!"