முடிக்கும்வரை காத்திரு

பேனா 'வ'வின் கடைசி வளைவைச் சுற்றி முடிப்பதற்குள் டேப்லெட் "வா" என்றது.

அவள் எழுத வந்தது 'வலி இல்லை' என்று. தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு அதுதான் பதில். ஆனால் குரல் முந்திக்கொண்டது. அதுவும் அவளுடைய குரல். உள்ளறையில் பொம்மைகளை வரிசையாக நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்த மகள் சுண்டு, அதைக் கேட்டு ஓடிவந்து "என்னம்மா?" என்று நின்றாள்.

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியாக்கா, கூப்பிட்டதும் வந்து நிக்கறா. நீ வாயால கூப்பிட்டப்ப ஒருநாளாவது இப்படி வந்திருக்காளா?"

அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் 'வ'வுக்குப் பக்கத்தில் துணைக்கால் போட அவள் கை நினைக்கவே இல்லை. அந்தச் சின்ன விஷயம் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தித் தொண்டைக்குள் ஒரு கட்டி வளர்ந்துவிட்டது. போன வாரம் அறுவை சிகிச்சை. மூன்று வாரத்துக்கு ஒரு சொல் பேசக் கூடாது, குசுகுசுப்பது அதைவிட மோசம், மீறினால் மிச்சமிருக்கும் குரலும் போய்விடும், திரும்ப வராது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. பொழுது சாய்ந்தால் வீட்டில் அவளும் சுண்டுவும்தான். சுண்டு ஒன்றாம் வகுப்பு. இன்னும் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிற பருவம். சீட்டில் எழுதிக் காட்டினால் படிக்கத் தெரியாது. தட்டித் தட்டி எழுதுவது அவளுக்குக் கைவராது, கையெழுத்துதான் வேகம். அதனால் அவள் எழுத எழுத உரக்கப் படிக்கிற ஓர் ஆப் வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள். அவன் மூன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

முதல் ஆப் பார்க்க அத்தனை அழகு. தாள் மாதிரியே தாள், மை மாதிரியே மை. ஆனால் எழுதிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தி, அது யோசித்து, படிக்க ஆரம்பிப்பதற்குள் சுண்டு வேறு அறைக்குப் போய் வேறு ஏதாவதை உடைத்திருப்பாள். இரண்டாவதற்குப் புள்ளி என்றால் என்னவென்றே தெரியவில்லை. 'நில்' என்று எழுதினால் ஓர் ஆண்குரல் "நில, நில" என்று அதட்டியது. சுண்டு ஜன்னலுக்குப் போய் நிலாவைத் தேடினாள். மூன்றாவதுதான் இது. பேனாவோடு கூடவே பேசும். பல வருடமாக அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் ஊட்டி, தம்பி அதற்கு அவள் குரலையே வரவழைத்திருந்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றான் அவன். "இது பொறுமை இல்லாத ஜென்மம்க்கா. தமிழ்ல வேண்டாங்கறது கடைசியிலதானே வரும்? நீ 'போகாதே'ன்னு எழுத ஆரம்பிச்சா இது பாதியிலயே 'போ'ன்னு சொல்லி வெச்சிரும்."

அதை அவளுக்கா சொல்ல வேண்டும்? 'திருப்பாதே' என்று கத்தினால் கற்றுக்கொள்கிறவர் முதல் பாதி காதில் விழுந்ததுமே ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுவார். மிச்சம் போய்ச் சேர்வதற்குள் வண்டி நடைபாதையில் ஏறியிருக்கும். அதனால் அவள் எப்போதும் 'நேரே போ' என்றுதான் சொல்வாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"எதுக்கும் இதைப் போட்டு வெச்சுக்கோ." அமைப்புகளின் அடியில் ஒரு வரியைக் காட்டினான். 'முடிக்கும்வரை காத்திரு.' அவள் அதைத் தொட்டாள். பொத்தான் பச்சையானது.

"காத்திருக்கேன்," என்றது டேப்லெட்.

அவள் பேனாவைத் தொடவே இல்லை. தம்பியோ குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள்தான் எழுதினாள் என்று நினைத்தான் போல. "காத்திருக்க வேணாம், நான் நாளைக்குத்தான் வருவேன். இன்னிக்குள்ள எதுன்னு முடிவு பண்ணி மத்ததை அழிச்சிரு. மூணும் இருந்தா டேப்லெட் திணறும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

இருட்டத் தொடங்கும்போது கணவரும் கிளம்பினார். வாசலில் நின்று சுண்டுவைத் தினப்படி பாடத்தை ஒப்பிக்கச் சொன்னார்.

"யாராவது கதவைத் தட்டினா?"

"தெறக்க மாட்டேன்."

"அம்மா குரல், இல்ல அப்பா குரல் கேட்டா?"

"தெறப்பேன்."

"சமர்த்து." அவர் கதவை இழுத்துச் சாத்தினார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது. வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். அடியில் மட்டும் நான்கு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதற்கு ஒரு ரப்பர் பட்டை வாங்கி ஒட்டுவதாக அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அதன் வழியாக நடைவழியின் குளிர் உள்ளே ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது. எதிர் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பியில் நீர் சொட்டுகிற சத்தம், காயாத துணியின் புழுங்கல் வாடை, தொண்டை மருந்தின் கசப்பு, அவளுடைய நீல ரப்பர் செருப்பில் இடது கால் மட்டும் ஒவ்வோர் அடிக்கும் போடுகிற 'கீச்' என்ற ஓசை, இவற்றுக்கு நடுவில் அவள் ஓரிடத்தில் நிற்க முடியாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். புள்ளி தெரியாத ஆப்பை அழித்தாள். அழகான ஆப்பைத் திறந்து இரண்டு வரி எழுதிப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். ஓர் ஆப்பைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு பாடா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. டேப்லெட்டைச் சோபாவில் போட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போனாள்.

பால் பொங்கும் நேரத்தில் கூடத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. தாழ்ந்த குரல். கதை சொல்கிற குரல். நடுநடுவே சுண்டுவின் சிரிப்பு. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நொடி அவள் நிம்மதியாகக்கூட இருந்தாள், அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அப்புறம்தான் அந்த அம்மா தானில்லை என்பது உறைத்தது.

ஓடினாள். சுண்டு சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். டேப்லெட்டின் திரை அணைந்து கறுப்பாகக் கிடந்தது.

என்ன என்று கையை விரித்துக் கேட்டாள்.

"நீதானேம்மா பேசினே," என்றாள் சுண்டு. "அம்மா வெளியில இருக்கேன், படியேறி வந்துட்டிருக்கேன்னு."

அவள் டேப்லெட்டை எடுத்து மூன்றாவது ஆப்பைத் திறந்தாள். 'யார்' என்று எழுதத் தொடங்கி 'ய'வைப் பாதி வளைத்திருப்பாள். அவள் குரல் அவளுக்கே பதில் சொன்னது.

"யாரும் இல்ல."

அவ்வளவுதான். முடிவு செய்துவிட்டாள். மெதுவாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அழகான ஆப்பே போதும், இது இந்த வீட்டில் வேண்டாம். அழிப்பதற்காக விரலைக் கொண்டுபோன அதே நேரத்தில் சுண்டு வாசல் கதவுக்கு ஓடினாள்.

"அம்மா வந்துட்டாங்களான்னு பாக்கறேன்!" விளையாட்டுதான். கைப்பிடியில் கை வைத்துவிட்டாள்.

அந்தப் பதற்றத்தில் அவள் இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை மறந்தாள். 'நில்லு' என்று எழுதியிருக்கலாம். 'இங்கே வா' என்று எழுதியிருக்கலாம். அவள் எழுதியது 'வெளியே போகாதே'.

"வெளியே போ," என்றது டேப்லெட். அதோடு நிறுத்திக்கொண்டது. 'காதே' திரையில் இருந்தது. பொத்தான் பச்சையாகத்தான் இருந்தது.

"போகவா?" என்றாள் சுண்டு, குழம்பிப்போய்.

வேண்டாம் என்று அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். பாய்ந்து போய்க் குழந்தையின் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். பிரஷ்ஷில் பசை வைத்துக் கொடுத்தாள். அவசரத்தில் குவளை சரிந்து தண்ணீர் கொட்டியது. நனைந்த செருப்பைக் குளியலறை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு கூடத்துக்கு வந்தாள். ஆப்பின்மேல் விரலை அழுத்திப் பிடித்தாள்.

'நீக்கவா?'

ஆம்.

மறைந்தது. திரையில் அதன் இடம் காலியாகக் கிடந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. சத்தமில்லாமல் கொஞ்சம் அழக்கூடச் செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்தைக் குடித்துவிடலாம் என்று சமையலறைக்குப் போய் மூடியைத் திருகினாள்.

க்ளிக்.

வாசல் கதவு.

எட்டிப் பார்த்தாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்தப் பக்கம் இருட்டு.

வெளியே போ. குழந்தை அதைக் கேட்டிருந்தாள். அம்மா குரல் சொன்னால் செய்கிற குழந்தை.

மருந்துப் புட்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஓடினாள். நடைவழிக்கு வந்ததும் கூரை விளக்கு தானே எரிந்தது. ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு அது, அவள் வரும்வரை எரிந்திருக்கவில்லை. யாரும் இல்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். கீழ் மாடியெல்லாம் இருட்டு. மழைச் சத்தம். கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள், குளியலறையிலிருந்து சுண்டுவின் குரல் கேட்டது.

"அம்மா, பல்லு தேச்சிட்டேன்!"

அப்பாடா. குழந்தை உள்ளேதான் இருக்கிறாள். போகவே இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"சமர்த்து," என்றது அவள் குரல், கூடத்திலிருந்து. "வா. கதவைச் சாத்து."

சின்னப் பாதங்கள் ஓடி வந்தன. அவள் திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். சாவி உள்ளே. போன் உள்ளே. எதிர் வீட்டுப் பூட்டு, விளக்கொளியில் பளபளத்தது.

"யாரு?" கதவுக்கு மிக அருகில், சுண்டு.

அவள் உதட்டைக் கடித்தாள். தட்டினாள்.

"யாருன்னு சொன்னாத்தான் தெறப்பேன். அப்பா சொல்லியிருக்காங்க."

டாக்டரின் விரல் கண்முன் வந்து போனது. மூன்று வாரம். மிச்சமிருக்கும் குரல். போகட்டும். குரல் போகட்டும், என் குழந்தை வேண்டும். வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து, "அம்மா" என்றாள்.

தொண்டையில் ஏதோ கிழிந்தது. வாயெல்லாம் இரும்புச் சுவை. வெளியே வந்தது ஒரு கரகரப்பு, யாருடையதும் இல்லாத சத்தம். அவளுக்கே மயிர் கூச்செறிந்தது.

உள்ளே சுண்டு வீறிட்டாள். "அம்மா! வெளியில யாரோ!"

"தெறக்காதே கண்ணு."

நிதானமான குரல். அவசரமே இல்லாத குரல். வேண்டாம் என்பதை அது கடைசிவரை சொல்லி முடித்தது இதுதான் முதல் தடவை.

"அது அம்மா இல்ல. பயப்படாதே. அம்மா இங்க இருக்கேன்ல."

அந்த ஆப்பை அழித்தாயிற்று. அழித்ததை அவளே பார்த்தாள்.

மறுபடி கத்தினாள். இந்தத் தடவை எதுவுமே வரவில்லை. வெறும் காற்று. இனி எப்போதும் இவ்வளவுதான் என்று தெரிந்தது. கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். அசைவு நின்றது. விளக்கு அணைந்தது.

இருட்டு. கதவுக்கு அடியில் மட்டும் வெளிச்சக் கோடு.

கீச்.

உள்ளே. கூடத்தின் தரையில்.

கீச்.

தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். குளிர்ந்த தரை. ஒரு கண்ணால் பார்த்தாள்.

சுண்டுவின் பாதங்கள். ஈரமாக, விரல்களை மடக்கிக்கொண்டு, பயந்து நின்ற இரண்டு சின்னப் பாதங்கள்.

கீச்.

அவற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது அவளுடைய நீலச் செருப்பு. செருப்பில் கால்கள் இருந்தன. சுண்டுவின் பாதங்கள் தரையைவிட்டு மேலே எழுந்தன, இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போது எழுவதுபோல. பிறகு நீலச் செருப்பு மட்டும் மெல்லத் திரும்பி, கதவைப் பார்த்து நின்றது. அவள் முடிக்கும்வரை காத்திருந்தது.