முப்பத்தெட்டாவது மாடித் தூண்

விழுந்தவரின் முதுகில் நுழைந்த மூன்று கம்பிகள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றன.

காலை எட்டரை மணி. செத்துக் கிடந்தவர், கான்கிரீட்டின் தரத்தைச் சோதிப்பவர்.

கால் தவறி விழுந்துவிட்டார் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் சைட் மேனேஜர்.

கட்டடத்தை வடிவமைத்த பெண் இன்ஜினீயர் நம்பவில்லை. இருபது வருஷம் சாரத்தில் நடந்த மனுஷனுக்கா கால் தவறும்?

நேற்றுதான் அந்த மனுஷன் அவளுக்குப் போன் செய்திருந்தார். முப்பத்தெட்டாவது மாடித் தூண்களில் பாதி பலம்கூட இல்லை, நேரில் வந்து பாருங்கள் என்று.

லிஃப்டில் ஏறினாள்.

மேனேஜரும் கூடவே ஏறிக்கொண்டார்.

தூணில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். ஒரு துண்டு மண்கட்டி மாதிரி உதிர்ந்தது.

"கான்கிரீட்ல அளவுக்கு மேல தண்ணி கலந்தீங்களா?"

"கலக்காம? இவ்வளவு உயரத்துக்குப் பம்ப் ஏத்த மாட்டேங்குது. குழாய்க்குள்ளயே இறுகிடுது. தினமும் அடைப்பு எடுத்துட்டிருந்தா எப்பம்மா முடிக்கறது?"

"இதுக்கு மேல இன்னும் இருபது மாடி வருது. தாங்காது. இதோட சேர்த்து மூணு மாடியை இடிச்சாகணும்."

"அவரும் இதையேதான் சொன்னார்..."



அவள் திரும்புவதற்குள் மேனேஜரின் ஸ்பானர் இறங்கியது. தோள் எலும்பு முறிந்த சத்தம் அவள் காதிலேயே விழுந்தது.

மேனேஜர் அவள் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று விளிம்புக்கு இழுத்தார். தடுப்புக் கம்பி இல்லாத விளிம்பு... ஒரு காலுக்குக் கீழே வெறும் ஆகாயம்.

அவள் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. எதிரே டவர் கிரேனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டிரைவரின் குரல்.

"மேடம், கீழ படுங்க."

மேனேஜரின் மணிக்கட்டைக் கடித்தாள். வாயெல்லாம் ரத்தம். பிடி தளர்ந்ததும் குப்புற விழுந்தாள்.

அவள் முதுகை உரசிக்கொண்டு போனது... கிரேனில் தொங்கிய இரும்புக் கம்பிக் கட்டு.

சதை நசுங்கும் சத்தம். தலை தூக்கியபோது மேனேஜர் அங்கே இல்லை. ஓர் அலறல் மட்டும் கீழே போய்க்கொண்டே இருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

மத்தியானம் அதே மாடியில் போலீஸ் அதிகாரி கிரேன் டிரைவரைக் குடைந்தார். அத்தனை பெரிய கட்டு, அவ்வளவு கச்சிதமாக ஓர் ஆள்மேல் எப்படிப் போய் மோதும்?

"காத்து சார்," என்றார் டிரைவர், கண் இமைக்காமல்.

அதிகாரி இன்ஜினீயர் பக்கம் திரும்பினார். தோளில் கட்டோடு அவள் வெளியே பார்த்தாள். கிரேன் உச்சியில் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா சார். இந்த உயரத்துல காத்து யாரை அடிக்கும்னு டிசைன்லயே போட்டிருக்கேன்."