கீழ்பென்னாத்தூரில் ஒரு நிறுத்தம்

சாரம் என்ற ஊரில் இருந்த அந்த வீட்டில் ஆடி மாதத்திலிருந்து யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஆடியில்தான் கார்குழலியின் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார்.

அப்பா தெய்வசிகாமணி ஒவ்வொரு மார்கழியிலும் திருவண்ணாமலைக்கு சைக்கிளில் போய் அன்றே திரும்புவார். திரும்பும் வழியில், செஞ்சியில், அம்மா சாப்பாட்டோடு காத்திருப்பார்.

இந்த வருடமும் அப்பா கிளம்பத் தயாரானார். பையில் இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு ட்யூப், காற்றடிக்கும் பம்பு. வேறொன்றும் இல்லை.

“சாப்பிட எங்கப்பா நிப்ப?”

“எங்கயும் நிக்கல.”

“செஞ்சியில?”

அப்பா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

சாப்பிடாமல் அவ்வளவு தூரம் மிதித்தால் மயக்கம் வருமே! குழலி அத்தை சந்திரகலாவிடம் ஓடினாள்.

“அத்தை, நாம பஸ்ஸுல போயி அப்பாவுக்கு சோறு குடுக்கலாமா?”

“செஞ்சிக்கா?”

“அங்க வேணாம். நம்மளப் பாத்ததும் அம்மாவத் தேடுவாரு. அவரு திரும்பி வரும்போது செஞ்சிக்கு முன்னாடியே கீழ்பென்னாத்தூர் வருமில்ல? அங்க நிக்கலாம்.”

மறுநாள் இருவரும் சோற்றுத் தூக்கோடும் மோரோடும் அங்கே இறங்கினார்கள். தூறல் விடவே இல்லை.

“குடைக்குள்ள நீ இருக்க, தூக்கு இருக்கு. நான் மட்டும் வெளிய!” என்று அத்தை முணுமுணுத்தார்.

மதியம் தாண்டி அப்பா வந்தார். சைக்கிள் அப்படியும் இப்படியும் ஆடியது. முகம் வெளுத்திருந்தது.

குழலி சாலையோரம் நின்று கையை ஆட்டினாள்.

“குழலி! நீ எப்படி இங்க?”

“மொதல்ல மோரக் குடிப்பா. உப்பு போட்டிருக்கேன்.”

அப்பா இறங்கி சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். மோரைக் குடித்தார். தயிர்சோற்றில் ஒரு வாய் சாப்பிட்டார். அடுத்த வாய் கையிலேயே நின்றுவிட்டது. குனிந்துகொண்டு அழுதார். அம்மா இறந்த அன்றுகூட அவர் அழவில்லை.

குழலி அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அத்தை தூக்கை அவர் பக்கம் நகர்த்தினார். “அழுதுகிட்டே தின்னாலும் பரவால்லடா. முழுசாத் தின்னு.”

தூக்கு காலியானது. அப்பா எழுந்து முகத்தைத் துடைத்தார்.

“அடுத்து எங்க நிப்பீங்க?”

“நீயே சொல்லுப்பா.”

அவர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தார். “செஞ்சியில இந்த வருஷம் என்னால முடியாதும்மா. திண்டிவனத்துல நில்லுங்க.”

திண்டிவனம் பஸ்ஸில் குழலிக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. வழியில், மழைக்குள், அப்பா தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா!”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.