படகில் ஏறியவர்கள்

காலையில் ஏரிக்குக் கிளம்பும்போது படகின் எடை ஒன்பது கிலோ நூற்றிருபது கிராம். மதியம் வீடு திரும்பி மறுபடி நிறுத்தபோது அறுபத்தாறு கிராம் கூடியிருந்தது.

தராசு பொய் சொல்கிறது என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவனால் முடியாது. கடைத் தராசுகளைப் பிரித்துப் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அன்று காலைதான் எடைக்கல் வைத்து அதைச் சரிபார்த்திருந்தான். தண்ணீர் புகுந்திருக்கும் என்று மேல்மூடியைக் கழற்றி, மோட்டார்களுக்கு அடியிலும் சுக்கான் தண்டைச் சுற்றியும் மூலைமுடுக்கெல்லாம் மெல்லிய காகிதத்தை ஒற்றி எடுத்தான். காகிதம் காய்ந்தே வந்தது. ஆனால் பசையும் பெயின்டும் மணக்க வேண்டிய அந்த வயிற்றுக்குள்ளிருந்து, வெகுநாள் ஈரத்தில் கிடந்த கம்பளியின் வாடை வந்தது.

மூன்று வருஷ உழைப்பு அது. கடலில் தத்தளிப்பவர்களைத் தூக்கிவரும் மீட்புப் படகு ஒன்றைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு மீட்டர் நீளத்துக்குக் கட்டியிருந்தான். ரிமோட்டைத் தள்ளினால் பித்தளைப் புரொப்பெல்லர்கள் சுழலும், ரேடார் திரும்பும். ஞாயிறு விடிந்தால், சின்ன வீட்டுக்கு நேரமாகிறதே என்று மனைவிதான் கிண்டலடித்து அனுப்பிவைப்பாள்.

அடுத்த ஞாயிறு, ஏரி நடுவில் படகு தானாக நின்றது. அவன் நிறுத்தவில்லை. யாரோ விளிம்பைப் பிடித்துத் தொங்குவதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு நிமிர்ந்து கரைக்கு வந்தது. இன்னும் எழுபத்தொரு கிராம். அதற்கடுத்த வாரம் ஐம்பத்து மூன்று.

நான்காவது வாரம், படகைத் தண்ணீரில் விட்ட பிறகுதான் கேப்டனிடம் சொன்னான். கேப்டன் பேக்கரிக்காரர், கப்பலை நினைத்தாலே அவருக்குக் குமட்டும் என்பதால் வந்த பட்டப்பெயர். அவரும் அங்கே ஒரு சின்ன இழுவைப் படகு விடுவார்.

"நீளம் பத்துல ஒண்ணுன்னா எடை ஆயிரத்துல ஒண்ணுப்பா," என்றார் கேப்டன். "அறுபத்தாறு கிராம்னா அறுபத்தாறு கிலோ ஆளு. மீட்புப் படகுதானே? அது வேலையை அது பாக்குது."

அவர் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் படகு ஏரி நடுவில் நின்றுவிட்டிருந்தது. ரிமோட்டை முழுவதும் தள்ளினான், அசையவில்லை. வெகுநேரம் கழித்து அது திரும்பியது. மிக மெதுவாக, தூங்குகிற எதையோ குலுக்காமல் கொண்டு வருவதுபோல.

பதினாலு கிராம்.

குழந்தைகள் மருத்துவமனைத் தராசுகளையும் அவன் பழுது பார்ப்பதுண்டு. பதினாலு கிலோ எந்த வயது என்று யாரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. மனைவியிடம் அவன் வாயே திறக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி அலமாரியில் பூட்டினான். படகைத் தராசு மேலேயே வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒரு போர்வையால் மூடினான்.

ஐந்தாவது ஞாயிறு அவன் ஏரிக்குப் போகவில்லை. மத்தியான வெயில் ஜன்னல் வழியே மேஜைவரை நீண்டிருந்தது. பக்கத்து அறையில் மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டபடி, அவள் அக்கா போனில் சொன்ன எதையோ அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் ஏதோ முனகியது. இழுத்துப் போட்டான். ரேடார் திரும்பிக்கொண்டிருந்தது.

தராசில் ஒன்று. மூன்று. ஏழு.

"ஏங்க, தரையெல்லாம் ஏன் இப்படி ஈரமா இருக்கு?"

வெளியே போ, தெருவுக்குப் போ என்று கத்தினான். படகைத் தூக்கப் பார்த்தான். மேஜையோடு முளைத்ததுபோல் அது அசைய மறுத்தது. இருபது. இருபத்தாறு.

"காலு ஜில்லுங்குது," என்றாள். நீளமான குழாயின் அந்தக் கோடியிலிருந்து வருவதுபோல் மெலிந்த குரல்.

ஓடினான். அறை காலி. பாதி மடித்த சட்டை. சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி. தரை காய்ந்துதான் இருந்தது. வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

திரும்பி வந்தபோது தராசில் ஐம்பத்தெட்டு. அதற்கு மேல் ஏறவில்லை. இரண்டு நாள் முன்புதான் அவனுடைய பெரிய தராசில் ஏறி நின்று, ஐம்பத்தெட்டு ஆகிவிட்டதே என்று அவள் அலுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து மாலுமி அறையின் கதவிடுக்கில் செருகினான்.

"திறக்காதீங்க." உள்ளிருந்துதான். "தண்ணி உள்ள வந்துடும்."

கை நின்றது. நெம்பவும் முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை.

கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவு உள்ளங்கை ஒன்று அதைத் துடைத்தது. அவள் முகம். நனைந்த முடி. இடுப்பில் ஒரு குழந்தை. அவளுக்குப் பின்னால் தோளோடு தோளாக மூன்று பேர், அசையாமல், அவனையே பார்த்துக்கொண்டு.

காய்ந்த மேஜையின் மேல் படகு அலையில் ஆடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கியது. அதன் உச்சியில் தேடுவிளக்கு எரிந்தது. மஞ்சள் வட்டம் சுவரில் ஊர்ந்து, அலமாரியைத் தடவி, கதவைத் தாண்டி, அவன் முகத்தில் வந்து நின்றது.