தீபாவளி முற்பணம்

ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. ஆற அமர ரொட்டி சுடலாம் என்று மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள் சத்தியபாமா. அந்தச் சின்ன நிம்மதிகூட அவளுக்கு வாய்க்கவில்லை. கையில் கைபேசியோடு அடுப்படிக்குள் வந்து நின்றாள் ஓரகத்தி தர்மிளா. முகம் வெளிறிக் கிடந்தது.

“அக்கா… என் கணக்குல இருபதாயிரம் இல்ல! நேத்துப் பதுளையில பேங்க் மெஷின்ல எடுத்துருக்குன்னு கத்தார்ல இருந்து இவரு கூப்பிட்டுச் சொல்றாரு. நேத்துப் பதுளைக்குப் போனது நீங்க மட்டுந்தானே?”

“நாந்தான் போனேன். எனக்கு விழுந்த தீபாவளி முற்பணத்த எடுத்துத்தானே எல்லாருக்கும் துணி வாங்கிட்டு வந்தேன்? என் கார்டுல எடுத்தேன் புள்ள. உன் கார்ட நான் எதுக்குத் தொடப்போறேன்?”

“முற்பணமா? லயத்துல பாதிப் பேருக்கு இன்னும் விழலையாமே! உங்களுக்கு மட்டும் எப்புடிக்கா விழுந்துச்சு?”

சத்தியபாமாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. கங்காணி வெள்ளிக்கிழமை முற்பணப் பெயர்களை வாசித்தபோது அவள் பெயரும் இருந்தது. விழுந்திருக்கும் என்று நம்பிப் போனாள்; மெஷினும் பணத்தைத் தந்தது. அதற்கு மேல் அவளுக்கு என்ன தெரியும்?

சாமி படத்தட்டில் கார்டுகள் வைத்திருந்த தகர டப்பாவைத் தர்மிளா இறக்கினாள். இரண்டு காகித உறைகளும் உள்ளேயே இருந்தன. சத்தியபாமாவின் கணவன் தயாபரன் அவற்றின் மேல் பேனாவால் பெரிதாக எழுதிய பெயர்களும் அப்படியே இருந்தன. ஒன்றில் ‘சத்தியபாமா’, மற்றதில் ‘தர்மிளா’.

“பாருங்க! என் கார்டு உறைக்குள்ளதான் இருக்கு. எடுத்துட்டுப் போயி, காசை உருவிட்டு, திரும்பக் கொண்டாந்து வச்சிருக்காங்க. ரகசிய நம்பரு வெளியாளுக்கா தெரியும்?”

வெளியாளுக்குத் தெரியாதுதான். செத்துப்போன மாமனார் தம்பையாவுக்குத் தோட்டத்துப் பதிவில் இருந்த இலக்கத்தையே ரகசிய நம்பராக வீட்டின் இரண்டு கார்டுக்கும் வைத்திருந்தார்கள். சம்பள நாள் தவறாமல் இத்தனை வருஷம் கூப்பிட்ட இலக்கம். அந்த வீட்டில் அது யாருக்கும் மறக்காது.

“மாமி, நீங்களாவது சொல்லுங்க… நான் அப்புடிச் செய்றவளா?”

பெரியாயி மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “சின்னவன் வெயில்ல காஞ்சு அனுப்புற காசு… கற்பூரம் ஏத்துறேன். அணைச்சுச் சத்தியம் பண்ணு.”

இந்தச் சின்னவன் ஜெயரூபன் வெளிநாடு போவதற்காகத்தான் சத்தியபாமா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். இன்றுவரை திருப்பிக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தாள். “தர்மிளா கார்டுல நான் ஒரு சல்லி எடுக்கல. எடுத்திருந்தா இந்தக் கை விளங்காமப் போகட்டும்!”

ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டிக் கிடக்கும் லயத்தில் ஒரு வீட்டுச் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும். பக்கத்துக் காம்பராக்களின் வாசல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

தர்மிளா விறுவிறுவென்று போய் நேற்றுக் கிடைத்த புதுப் புடவையைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டாள். “என் காசுலயே எனக்குப் புடவையாக்கா? ரொம்ப நல்லாருக்கு!”

அந்தக் கடையில் தனக்கென்று ஒரு ரவிக்கைத் துணிகூட வாங்காமல் வந்தவள் சத்தியபாமா. குனிந்து புடவையை எடுத்து மடித்து வைத்தாள்.

மத்தியானம் அடுத்த காம்பராக் கலாராணி வாசலோடு நின்றாள். பிள்ளையை விட்டுப் போக முடியாது என்று, சம்பளம் எடுத்துத் தரச்சொல்லித் தன் கார்டை எப்போதும் சத்தியபாமாவிடமே கொடுத்துவைப்பவள் அவள். “அக்கா… என் கார்டு… எங்க வீட்டுக்காரர்தான் வாங்கிட்டு வரச் சொன்னாரு.” சத்தியபாமா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேருமே முகம் பார்க்கவில்லை.

அதையும் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது அதற்குப் பிறகுதான் வந்தது. கோழிக்கூட்டின் பக்கம் தனியாக நின்றவளிடம் தயாபரன் வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “பாமா… எடுத்திருந்தா எங்கிட்ட மட்டுமாவது சொல்லிரு. எப்புடியாவது காசப் பொரட்டிக் குடுத்துரலாம்” என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனோடு ஒரே தட்டில் தின்று, ஒரே கம்பளிக்குள் குளிர் காய்ந்தவள்… இவனுக்குமா தன்னைத் தெரியவில்லை? அழுகைகூட வரவில்லை. “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல், பெரியாயியோடு சேர்த்து நால்வரும் பதுளை பஸ் ஏறினார்கள். ‘வங்கியில பேசிட்டு நேரா பொலிசுக்குப் போ’ என்று ஜெயரூபன் சொல்லியிருந்தான். வழியெல்லாம் சத்தியபாமாவுக்கு ஒரே யோசனைதான். பொலிசுக்குப் போய் வந்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்த லயத்தில் எப்படி இருப்பது? எந்த முகத்தோடு மலையில் கொழுந்து எடுப்பது?

வங்கியில் இரகுநாதன் என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் பொறுமையாக எல்லாம் கேட்டார். பிறகு சத்தியபாமாவிடம் கையை நீட்டினார்.

“நீங்கள் சனிக்கிழமை காசெடுத்த காட் எங்கே, தாங்கோ அம்மா.”

அவள் தன் பெயரெழுதிய உறையோடு கொடுத்தாள். அவர் கார்டை உருவிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“இதில தர்மிளா எண்டெல்லோ கிடக்கு?”

“பாத்தீங்களா!” தர்மிளா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். “கையுங்களவுமா அகப்பட்டாச்சு! கற்பூரம் அடிச்சாங்களே… ஐயோ, சாமிக்குக்கூட பயமில்லையே!”

சத்தியபாமாவுக்குத் தலை சுற்றியது. அவள்தான் எடுத்திருக்கிறாள்! இந்தக் கையாலேயே எடுத்திருக்கிறாள்! “எனக்குத் தெரியாதுங்க ஐயா… சத்தியமாத் தெரியாது… உறையில என் பேரப் பாத்துத்தான் கொண்டுபோனேன்… கார்டுல இங்கிலீசுல இருக்கிறத எனக்கு வாசிக்கத் தெரியாதே…”

“கொஞ்சம் பொறுங்கோ. மற்ற உறையைக் காட்டுங்கோ பிள்ளை.”

தர்மிளா கைப்பையிலிருந்து தன் பெயரெழுதிய உறையை எடுத்தாள். உள்ளே இருந்த கார்டை உருவி, அதிலிருந்த ‘சத்தியபாமா’ என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நேற்று முழுக்க ஆடிய ஆட்டத்தில் உறைக்குள் இருப்பது யாருடைய கார்டு என்று ஒரு தடவையாவது அவள் வாசித்துப் பார்த்திருந்தாளா? இல்லையே!

இரகுநாதன் அதை வாங்கிக் கணினியில் பார்த்தார். “இது சத்தியபாமாவின்ர காட். வெள்ளிக்கிழமை முற்பணம் விழுந்திருக்கு. ஒரு சதமும் எடுபடேல்ல. காட் இரண்டும் உறை மாறிக் கிடந்திருக்கு, அவ்வளவுதான். ஒரே இலக்கம் வைச்சபடியால் மெஷினும் காசைக் குடுத்திட்டுது.”

“ஐயோ… சாமி!”

எல்லோரும் திரும்பினார்கள். பெரியாயி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தான்! பாவி நாந்தான்! வியாழக்கிழம மழைக்குத் தகரம் ஒழுகி டப்பாக்குள்ள தண்ணி போயிருச்சு. உறை ரெண்டும் ஊறிப்போச்சேன்னு கார்ட வெளிய எடுத்துட்டு, அடுப்போரத்துல காய வச்சேன். காஞ்சதும் ஆளுக்கொண்ணாச் சொருகி வச்சேன். எனக்கு எழுத்தா தெரியும்? தெரியாத கையால செஞ்சுபுட்டு, எம் மருமகளக் கற்பூரம் அடிக்க வச்சேனே!”

சத்தியபாமா ஓடிப்போய் மாமியின் கைகளைப் பிடித்தாள். “நனைஞ்சுரக்கூடாதுன்னுதானே செஞ்சீங்க… எந்திரிங்க மாமி, எல்லாரும் பாக்குறாங்க.”

தர்மிளாவால் நிற்க முடியவில்லை. அப்படியே சத்தியபாமாவின் தோளில் விழுந்து கட்டிக்கொண்டாள். “அக்கா… என்னை ரெண்டு அடி அடிச்சுருங்கக்கா! புடவையத் தூக்கி எறிஞ்சேனே… ஊரு கேக்கத் திருடின்னேனே…”

“விடு புள்ள… ஒம் புருசன் பாடுபட்ட காசு. பதறாம இருப்பியா?”

பணத்தை ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு மாற்ற வெகுநேரம் ஆகவில்லை. கைபேசியில் ஜெயரூபன், “அண்ணி… அண்ணி…” என்பதற்கு மேல் பேச முடியாமல் அழுதான்.

எல்லோரையும் மன்னித்தாயிற்று. ஆனால், திரும்பும்போது பஸ்ஸில் தயாபரன் தன் பக்கத்தில் இடம் பிடித்துவைத்துக் கூப்பிட்டும், அவள் போய் மாமியின் அருகில்தான் உட்கார்ந்தாள். வீட்டிலும் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. கோபத்தில் கத்தியவர்களை மன்னிக்கலாம். நிதானமாக வந்து சந்தேகப்பட்டவனை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை காலை. பெரட்டுக் களத்தில் பனிக்குள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கங்காணி பெயர் கூப்பிட வாயெடுத்தபோது, தயாபரன் ஆண்கள் வரிசையை விட்டு முன்னே வந்தான்.

“கங்காணி, ஒரு நிமிசம். நான் ஒண்ணு சொல்லணும்.” வரிசைகளின் பக்கம் திரும்பினான். “ஞாயித்துக்கிழம எங்க வீட்டுச் சத்தம் எல்லாருக்கும் கேட்டுருக்கும். எம் பொண்டாட்டி எதையும் திருடல. கார்டு மாறிப்போச்சு, அம்புட்டுத்தான். அந்தச் சத்தத்துக்குப் பெறகு நான் இவகிட்ட ஒண்ணு கேட்டேன். அது உங்க யாருக்கும் கேட்டிருக்காது, மெதுவாத்தான் கேட்டேன். எடுத்திருந்தா எங்கிட்டயாச்சும் சொல்லிருன்னு கேட்டேன்!”

அவன் குரல் உடைந்தது. “கட்டுன புருசன் நானே நம்பல. மெதுவாக் கேட்ட அந்தப் பாவத்த இன்னைக்கு எல்லாருக்கும் கேக்கச் சொல்றேன். பாமா… என்னை மன்னிச்சுரு புள்ள!”

பெண்கள் வரிசையில் நின்ற சத்தியபாமாவுக்கு, ஞாயிறு முதல் வராமல் அடைத்துக் கிடந்த அழுகை இப்போது பொங்கிக்கொண்டு வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் நடந்துபோய் அவன் எதிரே நின்றாள். முந்தானையை எடுத்து அவன் கண்ணைத் துடைத்தாள்.

“போதுங்க… எனக்குக் கேட்டுருச்சு” என்றாள்.