ஒரே ஒரு துப்பு

"கடற்படைச் சீருடை. தலையில் தொப்பி. இவருடைய குழுவினர் கணினிக்குள் சிக்கிய அந்துப்பூச்சியைப் பிடித்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள்" என்று பயிற்சித் திரை துப்புக் கொடுத்தது.

"கிரேஸ் ஹாப்பர்!" என்றாள் வடிவு, திரை பேசி முடிப்பதற்குள்.

பாளையங்கோட்டை முகப்பயிற்சி மையத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓட்டக்காரர், ரகசியக் குறியீட்டை உடைத்தவர் என்றால் டூரிங். கவிஞரின் மகள் என்றால் ஏடா. கணினி முன்னோடிகள் அத்தனை பேரும் அவளுக்கு அத்துப்படி. இவர்கள் படத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், பழைய வினாடி வினா விளையாட்டு ஒன்று அரசாங்கத்தின் கைவசம் இருந்தது, அவ்வளவுதான். அந்தப் படங்களைப் பார்த்து யாரும் அழவும் மாட்டார்கள்.

பயிற்றுநர் சொரிமுத்து அடுத்ததாக ஓர் அட்டைப் படத்தைத் துப்பில்லாமல் காட்டினார். தொப்பி இல்லாத ஓர் இளம்பெண். வடிவு திருதிருவென்று விழித்தாள்.

"இதுவும் அதே அம்மாதான். நீங்க தொப்பியத்தான் பாக்கிய, மொகத்தப் பாக்க மாட்டேங்கிய."

"மொகத்துல என்னத்த சார் பாக்கணும்?"

அவருக்கு மட்டும் தெரியுமா என்ன? படத்தின் பின்னால் எழுதியிருந்த பெயரைப் படித்துத்தான் அவரும் சொன்னார்.

முப்பது வருடமாக ஊரே கண்ணில் பெயர்வில்லை அணிந்திருந்தது. யாரைப் பார்த்தாலும் தலைக்கு மேல் பச்சை எழுத்தில் பெயர் மிதக்கும். கல்யாண வீட்டில் இனி அசடு வழிய வேண்டாம் என்று கொண்டாடினார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டார்கள். முகம் பார்க்கும் வேலை இல்லாமல் போனதும் மூளை அந்தக் கடையை இழுத்து மூடிவிட்டது. போன சித்திரையில் சூரியப் புயல் அடித்துப் பெயர்க்களஞ்சியம் கருகியது. வில்லைகள் வெறும் கண்ணாடியாயின. அன்று மாலை பள்ளிக்கூட வாசல் கூச்சலில் தாய்மார்கள் கைக்கு அகப்பட்ட பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளை வாயைத் திறந்த பிறகுதான் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்தது. சில பிள்ளைகள் கிடைக்கவே இல்லை.

மாறிப்போன பிள்ளைகளை அரசாங்கம் காப்பகத்தில் சேர்த்தது. எந்தப் பிள்ளை யாருடையது என்று ரத்தச் சோதனை சொல்லிவிட்டது. ஆனாலும் முகம் பார்த்து அடையாளம் காட்டாதவர்களிடம் பிள்ளையை ஒப்படைப்பதில்லை என்று சட்டம் வந்தது. கடைத்தெருவில் மறுபடியும் மாற்றிக் கூட்டிப்போனால் யார் பொறுப்பு? வடிவு ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தாள். இன்றும் தவறினால் அவள் மகள் பூரணி காலத்துக்கும் காப்பகத்துப் பிள்ளைதான்.

சொரிமுத்து அவளைக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பக்கம் பத்துச் சிறுமிகள், ஒரே நீலச் சட்டையில், ஒரே மாதிரி இழுத்துக் கட்டிய தலைமுடியோடு நின்றார்கள். பூரணியின் குரலைக் கேட்டால் வடிவு அடுத்த நொடியே சொல்லிவிடுவாள். அதனால்தான் குரல் கடக்காத கண்ணாடி போட்டிருந்தார்கள்.

அவள் கண்ணை மூடி மகளை நினைத்துப் பார்த்தாள். பச்சை எழுத்தில் பூரணி என்று வந்தது. அந்தச் சுழிகூட அப்படியே இருந்தது. மடியில் போட்டுப் பால் கொடுத்த நாளெல்லாம் அந்த எழுத்தைத்தான் அவள் ஆசையாகப் பார்த்திருக்கிறாள். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"சார், ஒரே ஒரு துப்பு குடுங்க."

"குடுக்கக் கூடாதும்மா."

"எந்த நாட்டுலயோ இருந்தவங்க பேரையெல்லாம் கடகடன்னு சொல்லுதேன். பெத்த பிள்ளையக் கண்டுபிடிக்கத் துப்பில்லாமப் போச்சே எனக்கு!"

சொரிமுத்து கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அவருடைய மகனும் அந்தக் காப்பகத்தில்தான் இருந்தான். கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தவர் அவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அம்மாவப் பாத்தா பிள்ள அழாம இருக்குமா? ஒங்களப் பாத்து எது அழுதுன்னு பாருங்க."

வடிவு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளைகளின் கண்ணிலும் வில்லை செத்துத்தான் போயிருந்தது. எந்தப் பெண் வந்து நின்றாலும் அவர்களுக்கு அவள் அம்மாவாக இருக்கலாம். பத்துப் பேரும் கையை நீட்டிக்கொண்டு, வாய் கோண, அவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள்.