கரிமண் மேட்டில் மூன்று கைகள்

காலையிலிருந்து கிரான்யா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து பேசியிருந்தாள். அதுவும் ஒரு தவளையிடம்.

"தள்ளு. கட்டியை எடுக்கணும்."

தவளை பதில் சொல்லாமல் தத்திப் போய்விட்டது.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்பில் ஆளே இல்லை. போன வருஷம் அண்ணன் கோல்மன் கூட இருந்தான். எதையாவது உளறிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பான். இந்த வருஷம் அப்பாவோடு அவனும் கட்டட வேலைக்கு இங்கிலாந்து போய்விட்டான். அம்மாவோ மூன்று வாரக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். மிச்சம் இருந்தது பதினொரு வயதுக் கிரான்யாதான்.

அப்பா கிளம்பும் முன்பே அடுப்பெரிக்கிற கரிமண்ணைச் சதுப்பிலிருந்து வெட்டி, ஈரக் கட்டிகளாகப் பரப்பிவிட்டுப் போயிருந்தார். மேல்பக்கம் காய்ந்ததும் ஐந்தைந்தாக எடுத்து, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்த வேண்டும். நின்றால் இடையில் காற்று புகும், மழையும் வழிந்து ஓடிவிடும். படுத்தே கிடந்தால் ஊறிக் குழம்பாகிவிடும். அப்புறம் குளிர்காலம் முழுக்க அடுப்பில் போட ஒன்றும் இருக்காது.

மூன்று நாளாக நிறுத்திக்கொண்டிருந்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. மத்தியானம் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபோது அழுகையே வந்துவிட்டது. யாராவது வந்தால் தேவலை என்று நினைத்தாள்.

வரவும் செய்தார்கள். ஆனால் வந்தது டீலியா.

டீலியாவுக்கு நாற்பது வயது இருக்கும். தனியாக வாழ்கிறவள், நாக்கு மட்டும் கத்தி. அவள் தோட்டத்து முட்டைக்கோஸை கிரான்யா வீட்டுக் கழுதை ஒன்று விடாமல் மேய்ந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இன்று அவள் வலது கை, கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது.

"என் கரிமண்ணைத் தொடச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

"இது எங்களோடது, அத்தை."

"உங்களோடதா? கால்வாய்க்கு அந்தப் பக்கம் பாரு. படுத்துத் தூங்குதே, அதுதான் உங்களோடது!"

கிரான்யா பார்த்தாள். கால்வாய்க்கு இடப் பக்கம் அவர்களுடையது, சரிதான். ஆனால் இந்த வருஷம் வழியிலிருந்த ஆற்றுப் பலகைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவள் ஊரைச் சுற்றிக்கொண்டு எதிர்த் திசையிலிருந்து அல்லவா வந்தாள்! இடமும் வலமும் மாறிப்போயிருந்தன. மூன்று நாள் உழைப்பும் டீலியாவின் கரிமண்ணுக்குப் போய்விட்டது.

"முட்டைக்கோஸுக்கு ஈடு கட்டச் சொல்லி உங்கம்மா அனுப்பினாளா?"

"இல்ல அத்தை. தெரியாமத்தான்."

"ம். போ, போய் உங்க வேலையைப் பாரு."

கிரான்யா கால்வாயைத் தாண்டினாள். கடல் பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்தது. நாளை சாயங்காலத்துக்குள் மழை வந்துவிடும். மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளில் எப்படி முடிப்பது?

ஒரு வழி தோன்றியது. நிற்பதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், கிடப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் என்ன? நியாயம்தானே? கேட்டுவிடலாம் என்று திரும்பினாள்.

அந்தப் பக்கம் மிச்சமிருந்த கட்டிகளை டீலியா இடது கையால் நிறுத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவதைச் சாய்த்ததும் முதலாவது விழுந்தது. அதை எடுத்து வைத்ததும் இரண்டாவது விழுந்தது. டீலியா இரண்டையும் திட்டினாள். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கிரான்யா கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மறுபடி கால்வாயைத் தாண்டினாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒரு கை இருக்கு. எங்கிட்ட ரெண்டு. மொத்தம் மூணு."

"கணக்கு எனக்கும் தெரியும்."

"நீங்க நடுக்கட்டியைப் பிடிச்சுக்குங்க. நான் சுத்திச் சாய்ச்சிடுறேன். முதல்ல உங்களோடது, அப்புறம் எங்களோடது."

டீலியா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க கழுதை வராதே?"

"வீட்டுல கட்டிப் போட்டிருக்கு."

"அப்போ சரி."

நடுவில் ஒரு கை பிடித்துக்கொண்டதும் வேலை மளமளவென்று நடந்தது. டீலியாவின் பேச்சு அதைவிட வேகமாக நடந்தது.

"கை உடைஞ்சு மூணு வாரமா வீட்டுலயே அடைஞ்சு கிடக்கேன். பேச்சுத் துணைக்கு அடுப்பு ஒண்ணுதான்."

"நான் தவளைகிட்ட பேசினேன்."

"உனக்குப் பரவாயில்ல. தவளை குதிக்கவாவது செய்யும்."

மூன்று நாளில் முதல் தடவையாகக் கிரான்யா சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

டீலியாவுடையது அன்றே முடிந்தது. மறுநாள் விடிந்ததும் கிரான்யா வீட்டுக் கரிமண்ணுக்கு வந்தார்கள். மத்தியானம் தாண்டியபோது ஒரே ஒரு வரிசை பாக்கி. மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது, ஆனாலும் இருவர் கையும் ஏனோ மெதுவாகிவிட்டது. பேச்சும் குறைந்துபோனது. இது முடிந்துவிட்டால் அவள் வீட்டில் அவள், இவள் வீட்டில் இவள்.

கடைசிக் குவியலும் நின்றது. ஒரு குறையும் இல்லை. கிரான்யா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முதல் தூறல் விழுந்தது.

டீலியா அந்தக் குவியலையே பார்த்தபடி நின்றாள். பிறகு கால் விரலால் லேசாக ஓர் இடி இடித்தாள். ஐந்து கட்டியும் பொத்தென்று விழுந்தன.

"இது சரியா நிக்கல," என்றாள். "மறுபடி வைக்கணும்."

அது நேராகத்தான் நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியும். கிரான்யா தூறலில் நனைந்துகொண்டே மண்டியிட்டு, மிக மிக மெதுவாக முதல் கட்டியை எடுத்தாள்.